படியளப்பதை நிறுத்தியது வீட்டு இணைப்பே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் என்று டர்பனின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை முடித்த கையோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நம் அன்றாட வாழ்க்கையை அதிகம் மாற்றியது வீட்டுக்கு வந்த இணைப்பா, கைக்கு வந்த கைப்பேசியா?" இதுதான் இன்றைய கேள்வி. வீட்டு இணைப்பே என்ற அணியில் நின்று பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று அம்பு விட்டார். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இணையம் என்றாலே கைப்பேசிதான், வீட்டு இணைப்பு வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்றார். இது முதல் அம்பு. கரண்ட் போனால், கம்பி திருடு போனால் வீட்டு இணைப்பு படுத்துவிடும், கைப்பேசி நம்மைக் கைவிடாது என்பது இரண்டாவது. வீட்டில் வைஃபை வந்த பிறகு ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், குடும்பமே பிரிந்துவிட்டது என்பது மூன்றாவது. மூன்றுமே கனமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால், எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்வோம். எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று எண்ணினால் கைப்பேசிக்குத்தான் வெற்றி, ஒத்துக்கொள்கிறேன். தலைப்பு கேட்பது அதுவா? வாழ்க்கை மாறியதா என்று கேட்கிறது. ஒரு வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள், பிள்ளை எப்போது பாடம் படிக்கிறான், பாட்டி எதைப் பார்க்கிறாள், எதைக் கேட்கத் தயங்குகிறாள், இதெல்லாம்தான் அன்றாட வாழ்க்கை. அதை எது மாற்றியது? என் பதில் ஒரே சொல்லில் இருக்கிறது: படியளப்பு. இணையத்தைப் படியளந்து கொடுத்த காலம் வரை நாம் அதற்கு ஏற்றபடி வாழ்ந்தோம். படியளப்பு நின்ற அன்றுதான் அது நமக்கு ஏற்றபடி வாழ ஆரம்பித்தது. அந்தப் படியைத் தூக்கி வைத்தது வீட்டு இணைப்பு. கைப்பேசி இன்றுவரை படியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த நாட்டின் இணைய வரலாறே ஒரு வீட்டில்தான் ஆரம்பிக்கிறது, ஐயா. 1991 நவம்பரில், இப்போது மகாண்டா என்று பெயர் மாறியிருக்கிற கிரஹாம்ஸ்டவுனின் ரோட்ஸ் பல்கலைக்கழகம் இணையத்தோடு இணைந்தபோது, கம்பியின் மறுமுனை எங்கே இருந்தது தெரியுமா? அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்தில் ராண்டி புஷ் என்ற பொறியாளரின் வீட்டில். அரசாங்க மாளிகையில் இல்லை, ராணுவக் கூடாரத்தில் இல்லை. ஒரு மனிதர் குடியிருந்த வீட்டில்.

அடுத்து நம் வீடுகளுக்கு வந்தது டயல்-அப், அதாவது போன் லைனில் டயல் செய்து பிடிக்கிற இணையம். இந்த மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் இப்போதும் காதில் இருக்கும். மோடத்தின் மேல் 56 கே என்று எழுதியிருக்கும். நல்ல லைனில் 45, 50 வந்தால் புண்ணியம். நொடிக்கு ஐந்து ஆறு கிலோபைட். ஒரு எம்பி இறங்க மூன்று நிமிடம், ஒரு பாட்டு இறங்கப் பன்னிரண்டு நிமிடம். பத்தாவது நிமிடத்தில் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால், கால் வெயிட்டிங் பீப் சத்தம் லைனில் விழுந்து இணைப்பு அறுந்துவிடும், பாட்டு மறுபடி முதலிலிருந்து. அதனால் டயல் செய்வதற்கு முன் கால் வெயிட்டிங்கை நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டோம். பக்கத்து அறையில் யாரும் போனை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டோம்.

இதில் கவனிக்க வேண்டியது கட்டணம். பகலில் நிமிடக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையும், வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரையும் கட்டணம் குறைவு. அதனால் என்ன ஆயிற்று? பல்கலைக்கழக விண்ணப்பம் பார்க்க வேண்டிய பிள்ளை ஏழு மணி அடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழு மணிக்கு ஊரில் எல்லோரும் ஒன்றாக டயல் செய்வார்கள், எங்கேஜ்டு டோன்தான் கேட்கும். வீட்டின் கடிகாரத்தைத் தொலைபேசிக் கட்டணம் ஓட்டியது. இது முதல் படியளப்பு: நேரத்தை அளந்தார்கள்.

2002இல் ஏடிஎஸ்எல் வந்தது, அதே செப்பு போன் கம்பியில் எப்போதும் நிற்கிற இணைப்பு. வேகம் 512 கேபிபிஎஸ். டயல்-அப்போடு பார்த்தால் பத்து மடங்கு, போனும் பேசலாம், இணையமும் ஓடும். ஆனால் மாதத்துக்கு 3 ஜிபி என்று மூடி போட்டார்கள். ஒரு சின்னக் கணக்கு. 512 கேபிபிஎஸ் லைனை முழு வேகத்தில் ஓடவிட்டால் 3 ஜிபி எத்தனை நேரத்தில் தீரும்? பதின்மூன்று மணி நேரத்தில். மாதத்துக்கு 720 மணி நேரம் வாடகை கட்டுகிறோம், பதின்மூன்று மணி நேரம்தான் வண்டி ஓடும். இப்போது ஒரு மணி நேரம் ஹெச்டி படம் பார்த்தால் ஏறக்குறைய 3 ஜிபி. அன்றைக்கு அது ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு முப்பது நாள் சாப்பாடு. தலைக்கு ஒரு நாளைக்கு 20 எம்பி. யார் 25 எடுத்தார் என்று வீட்டில் விசாரணை நடக்கும்.

அப்போது நம் மக்கள் செய்த வித்தைகளைச் சொல்லாமல் போக முடியாது. வெளிநாட்டுத் தளங்களுக்கு ஒரு கணக்கு, உள்நாட்டுத் தளங்களுக்கு மட்டும் விலை குறைந்த இன்னொரு கணக்கு என்று இரண்டு வாங்கி, எந்தத் தளம் எந்தக் கணக்கு வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பாதை எழுதி வைத்தார்கள். எந்த இன்ஜினியரிங் கல்லூரியும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் இணையம் நின்றுவிடக் கூடாதே என்ற தவிப்பு சொல்லிக் கொடுத்தது.

செப்புக் கம்பிக்கு நோய்களும் உண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலு, ஐந்து கிலோமீட்டர் தள்ளி வீடு இருந்தால் சிக்னல் வழியிலேயே தேய்ந்துவிடும். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் நாய்ஸ் மார்ஜின் என்று ஓர் எண் காட்டும், இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்ற கணக்கு. அது 6 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கினால் லைன் விட்டு விட்டு அறுந்துகொண்டே இருக்கும். டர்பனின் கடல் காற்றும் ஈரமும் கம்பி மூட்டுகளைப் பச்சைப் பசேல் என்று பாசி பிடித்த மாதிரி ஆக்கிவிடும். மழை பெய்தால் மேன்ஹோலில் தண்ணீர், லைனில் கரகரப்பு. வீட்டில் எத்தனை போன் சாக்கெட் உண்டோ அத்தனைக்கும் சின்ன ஃபில்டர் மாட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் போன் மணி அடிக்கும்போது இணையம் அறுந்துபோகும். லவுஞ்சில் மாட்டிவிட்டு மாடி பெட்ரூம் போனை மறந்துவிட்ட வீடுகள்தான் "லைன் சரியில்லை" என்று அதிகம் புகார் செய்தன.

அந்தக் காலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 2009 செப்டம்பர் 9ஆம் தேதியைப் பாருங்கள். டர்பன் நிறுவனம் ஒன்று ஒரு போட்டி வைத்தது. ஹாவிக்கிலிருந்து ஹில்க்ரெஸ்ட்டுக்கு 4 ஜிபி தகவலை அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் ஏடிஎஸ்எல். இன்னொரு பக்கம் காலில் மெமரி கார்டு கட்டிய வின்ஸ்டன் என்ற புறா. புறா பறந்து வர ஒரு மணி எட்டு நிமிடம். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிய நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி ஏழு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. அதற்குள் ஏடிஎஸ்எல் அனுப்பியது 4 சதவீதம். உலகமே சிரித்தது. நம் குவாஸுலு-நேட்டால் மலைகளுக்கு மேல் பறந்த அந்தப் புறாவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நம் வீடுகளின் வலியை உலகப் பத்திரிகைகளில் எழுத வைத்தது அது.

அந்த ஆண்டு ஜூலையில்தான், டர்பனுக்கு வடக்கே ம்துன்சினி கடற்கரையில் சீகாம் கடலடி கேபிள் செயல்படத் தொடங்கியிருந்தது. அதற்கு முன் அதே ம்துன்சினியில் 2002இல் கரையேறிய சேஃப் கேபிள் மொரீஷியஸ், ரீயூனியன், கொச்சி, பினாங்கு என்று போகிறது. நம் முன்னோர் கப்பலில் கடந்த அதே கடல். புதுக் கேபிள்கள் வர வர மொத்த விலை இறங்கியது, 2010 மார்ச்சில் ஒரு நிறுவனம் இங்கே வீட்டுக்கான அளவில்லா ஏடிஎஸ்எல்லைக் கொண்டுவந்தது, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

நடுவர் ஐயா, என் வழக்கின் உயிர்நாடி இந்த இடத்தில் இருக்கிறது. அளவில்லாத் திட்டங்களில் மிகச் சின்னது 384 கேபிபிஎஸ். 2002இல் வந்த 512ஐ விட மெதுவானது. ஆனால் அதை இரவும் பகலும் ஓடவிட்டால், நொடிக்கு 40 கிலோபைட் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், ஒரே நாளில் 3 ஜிபிக்கு மேல் வரும். வேகமான பழைய லைன் ஒரு மாதத்தில் கொடுத்ததை மெதுவான புதிய லைன் ஒரே நாளில் கொடுத்தது. மாற்றம் வேகத்தில் வரவில்லை, ஐயா. படி உடைந்ததில் வந்தது. நியாயப் பயன்பாட்டு விதி என்று ஒன்றை வைத்து அதிகம் இழுப்பவர்களின் வேகத்தைக் குறைத்தார்கள், அதையும் மறைக்க மாட்டேன். குறைத்தார்களே தவிர அடைக்கவில்லை. மாதக் கடைசி என்ற பயம் வீட்டை விட்டுப் போயிற்று.

இப்போது எதிரணியின் முதல் அம்புக்கு வருகிறேன். கைப்பேசி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, ஆமாம். எப்படிப் போய்ச் சேர்ந்தது? படியோடு. இந்த நாட்டில் 2016இல் டேட்டா விலை குறைய வேண்டும் என்று மக்கள் இயக்கமே நடந்தது. போட்டி ஆணையம் விசாரணை நடத்தி 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. சின்ன டேட்டா பண்டல் வாங்கும் ஏழை ஒவ்வொரு எம்பிக்கும் பணக்காரரை விட அதிகம் கொடுக்கிறார் என்று அந்த அறிக்கை சொன்னது. அதன் பிறகுதான் 2020 ஏப்ரலில் முப்பது நாள் 1 ஜிபி 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டுக்கு இறங்கியது. சரி, அன்று இறங்கிய அந்த விலையிலேயே கணக்குப் போடுவோம். ஒரு பிள்ளை சனிக்கிழமை தோறும் சென்னையிலிருக்கிற ஆசிரியரிடம் வீடியோவில் தமிழ் படிக்கிறான். ஒரு மணி நேர வகுப்புக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல் கூடப் போகும். மாதத்துக்கு நாலு வகுப்பு, ஒரு ஜிபி வீதம் வைத்தால் ஏறக்குறைய 400 ரேண்ட். பெரிய பண்டல் வாங்கினால் குறையும், ஆனால் பெரிய பண்டல் வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். அது ஒரு பிள்ளையின் ஒரு பாடத்துக்கு மட்டும். இரண்டு பிள்ளை இருந்தால்?

இன்னொன்றும் கேளுங்கள். கைப்பேசி நிறுவனங்கள் இரவு டேட்டா என்று விற்கின்றன, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை. காலையில் பரீட்சை எழுத வேண்டிய மாணவி இரவு ஒரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பாட வீடியோவை இறக்கி வைக்கிறாள். ஏழு மணி அடிக்கக் காத்திருந்த டயல்-அப் பிள்ளைக்கும் ஒரு மணிக்கு எழுகிற இந்தப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? கடிகாரம் இன்னும் கட்டணத்தின் கையில். கைப்பேசி அந்தப் பழைய வாழ்க்கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறது. வாழ்க்கையை மாற்றவில்லை.

ஏழைகளுக்கு வீட்டு இணைப்பு எட்டாது என்பதும் பழங்கதை ஆகிக்கொண்டிருக்கிறது. ஸ்டெல்லன்போஷ் பக்கம் காயமண்டி டவுன்ஷிப்பில், ஒரு நாளைக்கு ஒரு கருவிக்கு 5 ரேண்ட் என்று ஃபைபர் இணைப்பு, அதாவது கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பு, கொடுக்கிறார்கள். நாள் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், எம்பி எண்ண வேண்டியதில்லை. தகர வீட்டின் சுவரிலும் அந்த இணைப்பின் வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. எல்லா ஊருக்கும் இன்னும் வரவில்லை என்பது உண்மை. வந்த இடத்தில் மக்கள் எதை விரும்பினார்கள் என்பதும் உண்மை.

கைப்பேசி செய்கிறவர்களே எங்கள் பக்கம்தான், நடுவர் ஐயா. உங்கள் போனை எடுத்து செட்டிங்ஸைப் பாருங்கள். பெரிய அப்டேட் வைஃபையில் மட்டும். புகைப்பட பேக்கப் வைஃபையில் மட்டும். கனமான சுமை என்று வந்தால் வீட்டு லைனைக் கேட்டுத்தான் போன் மூச்சு விடுகிறது.

இரண்டாவது அம்பு, கரண்ட். இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் 2023இல் லோட் ஷெடிங்கை, அதாவது முறை வைத்துக் கரண்டை வெட்டியதை, நாம் எல்லோரும் பட்டு அனுபவித்தோம். வெட்டின் கடுமையை ஸ்டேஜ் என்று எண் போட்டுச் சொல்வார்கள்; ஸ்டேஜ் 6 என்றால் ஒரு நாளில் மூன்று நான்கு தடவை கரண்ட் போகும். அப்போது கைப்பேசி டவர் என்ன ஆயிற்று? டவரின் அடியில் பேட்டரி இருக்கிறது. ஆனால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் அது முழுதாகச் சார்ஜ் ஆக நேரம் போதவில்லை என்று கைப்பேசி நிறுவனங்களே சொன்னார்கள். பல டவர்களில் பேட்டரியே திருடு போயிற்று. நிற்கிற டவரை நோக்கி ஊரே திரும்பும், ஆளுக்குக் கிடைப்பது சொட்டுச் சொட்டாக இருக்கும்.

ஃபைபர் அப்படி இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு வருவது ஜிபான் முறை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கண்ணாடி இழை கிளம்புகிறது, தெருவில் ஒரு ஸ்பிளிட்டர் அந்த ஒளியை 32 வீடுகளுக்குப் பிரிக்கிறது. அந்த ஸ்பிளிட்டருக்கு கரண்ட் தேவையில்லை. அது வெறும் கண்ணாடி. எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் மின்சாரம் கேட்கும் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடினால் போதும், மிச்சம் உங்கள் கையில். உங்கள் கையில் எவ்வளவு? ஓஎன்டி என்கிற வெள்ளைப் பெட்டிக்கு ஐந்து ஆறு வாட், ரூட்டருக்கு ஒன்பது பத்து வாட். மொத்தம் 15 வாட். ஒரு பழைய குண்டு பல்பில் கால் பங்கு.

இதற்கு மினி யுபிஎஸ் வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்டியில் 8800 எம்ஏஹெச் என்று போட்டிருக்கும். ரூட்டர் 12 வோல்ட்தானே என்று பன்னிரண்டால் பெருக்கி 105 வாட்-மணி, ஏழு மணி நேரம் தாங்கும் என்று நினைப்பார்கள். அந்த 8800 என்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 32 வாட்-மணிதான். 12 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். 15 வாட்டுக்கு இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. ஆகையால் பெட்டியின் மேல் வாட்-மணி என்ன என்று பார்த்து, தேவைக்கு இரண்டு மடங்காக வாங்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைக்கிற பெரிய யுபிஎஸ்ஸில் செருகினாலும் ஓடும், ஆனால் அது 12 வோல்ட்டை 230ஆக ஏற்றி, அடாப்டர் மறுபடி 12ஆக இறக்கி, இரண்டு தடவை கரண்ட் வீணாகிறது. வாங்கும்போது அடாப்டரில் பிளஸ் மைனஸ் படத்தையும், பின்னின் தடிமனையும் ஒத்துப் பார்க்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஓஎன்டி அங்கேயே முடிந்தது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன்? நம் வீட்டுப் பெண்கள், ஓய்வுபெற்ற தாத்தாக்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டார்கள். டவர் செத்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டு லைன் செத்தால் நாமே பார்க்கலாம். ஓஎன்டியில் பான் விளக்கு பச்சையாக நிலைத்து நிற்க வேண்டும். லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். சோபாவைச் சுவரோடு தள்ளியதில் மஞ்சள் கேபிள் மடங்கியிருக்கிறதா பார்க்க வேண்டும், கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். பச்சை முனை கிளிக் என்று உட்கார்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும். அந்த முனையைக் கழற்றிக் கண்ணால் பார்க்கவே கூடாது; உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். இரண்டு பெட்டியையும் அணைத்து, முதலில் ஓஎன்டியைப் போட்டு, பான் விளக்கு நிலைத்த பிறகு ரூட்டரைப் போட வேண்டும். அப்போதும் சிவப்பு என்றால் புகார் கொடுக்க வேண்டியதுதான். இந்த நாட்டில் இழையைப் பதித்தவர் ஒருவர், நமக்கு பில் அனுப்புகிறவர் இன்னொருவர். பில் அனுப்புகிறவரிடம்தான் புகார் எண் வாங்க வேண்டும், அவர்தான் இழைக்காரரிடம் சொல்வார். இது தெரியாமல் தெருவில் தோண்டிக்கொண்டிருக்கிற ஆட்களிடம் கேட்டுக் காத்திருந்து ஒரு வாரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

கம்பித் திருட்டைச் சொன்னார் அண்ணன். செப்புக்குக் காயலான் கடையில் விலை உண்டு, கண்ணாடிக்கு இல்லை. செப்பு என்று நினைத்து இழையை வெட்டிவிட்டுப் போகிறார்கள், அந்த நஷ்டமும் நடக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த நகரத்தில் சாலையும் பாலமும் போனபோது, டவரும் நின்றது, அதோடு புதைத்த இழையும் மண்ணோடு போயிற்று. அந்த நாளில் எந்த அணிக்கும் பெருமை பேச எதுவும் இல்லை. உயிர்களை இழந்த ஊர் இது.

மூன்றாவது அம்பு, குடும்பம் பிரிந்தது. அண்ணன் இதைச் சொன்னபோது மண்டபத்தில் பல அம்மாக்கள் தலையசைத்ததைப் பார்த்தேன். அந்த வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பது எதை? ஐந்தங்குலத் திரையை. ஒரு ஜோடிக் கண்ணுக்கு மேல் இடமில்லாத திரை அது. லவுஞ்சில் இருக்கிற பெரிய டிவிக்குப் படம் கொண்டுவந்து சேர்ப்பது எது? வீட்டு லைன். எட்டுப் பேர் உட்கார்ந்து பார்க்கக்கூடிய திரைக்கு உயிர் கொடுப்பது எங்கள் அணி, ஐயா.

2020 மார்ச் 27 முதல் ஊரடங்கு. இறுதிச் சடங்குக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று விதி. நம் சமுதாயத்தில் ஒரு பெரியவர் போனால் தெருவே வந்து நிற்கும், மூன்று ஊரிலிருந்து சம்பந்திகள் வருவார்கள். ஐம்பது பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது? அப்போது வீடுகளில் லவுஞ்ச் டிவியில் அந்தச் சடங்கை நேரலையாகப் போட்டுவிட்டு, குளித்து, விபூதி பூசி, விளக்கேற்றி, தரையில் பாய் விரித்து உட்கார்ந்து மொத்தக் குடும்பமும் பார்த்தது. இரண்டு மணி நேரம் அறாமல் ஓடிய அந்தப் படத்துக்கு யாரும் டேட்டா எண்ணவில்லை. தேவாரம் பாடி முடியும்வரை யாரும் "பண்டல் தீர்ந்துவிடும், நிறுத்து" என்று சொல்லவில்லை. அந்தத் துக்கத்தில் படியளக்க வேண்டி வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

பின்கட்டு அவுட்பில்டிங்கில் பாட்டி தனியே இருக்கிறாள், அங்கே சிக்னல் வரவில்லை என்பதும் பிரிவுதான். அதைச் சரிசெய்யலாம். சாட்ஸ்வர்த்தில் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய மாடி செமி வீடுகளில் ரூட்டரை டிவி அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் செங்கல் சுவரும் மாடித் தளமும் அதைத் தின்றுவிடும். 2.4 மெதுவானது, சுவரைத் தாண்டும். ரூட்டர் வீட்டின் நடுவில், தோள் உயரத்தில், மைக்ரோவேவுக்குத் தள்ளி இருக்க வேண்டும். பின்கட்டுக்கு மலிவு ரிப்பீட்டர் போட்டால் வேகம் பாதியாகும், ஏனென்றால் அது கேட்பதும் சொல்வதும் ஒரே அலையில். அதற்குப் பதில் வெயில் தாங்கும் கேட்-6 கேபிளை இழுத்து அங்கே வைஃபை பரப்பும் ஒரு சின்ன அக்சஸ் பாயின்ட் வைத்தால், 100 மீட்டர் வரை முழு வேகம். இடி மின்னல் மாதங்களில் மட்டும் அந்தக் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி வைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியான வேலை. அன்று சாயங்காலம் பாட்டிக்கும் கோயில் நேரலை வந்துவிடும்.

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்கு மேல். அவர்களின் கப்பல் பட்டியல்கள் இப்போது இணையத்தில் இருக்கின்றன. காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைத் தேடுவது சுலபமில்லை. கவுண்டர் என்று தேடினால் வராது. அன்றைய குமாஸ்தா கவுண்டன் என்று எழுதியிருப்பான், கோவெண்டர் என்று எழுதியிருப்பான். முனுசாமி மூன்சாமி ஆகியிருக்கும், குப்புசாமி கூப்பூசாமி ஆகியிருக்கும். முதலி மூட்லி ஆகியிருக்கும். ஒரே பெயரில் எழுபது பேர் வருவார்கள். தகப்பன் பெயரை ஒத்துப் பார்க்க வேண்டும், வேலை பார்த்த கரும்புத் தோட்டத்தை ஒத்துப் பார்க்க வேண்டும், பழைய பிறப்புச் சான்றிதழில் மங்கிப்போன எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். ஒரு மாலையில் முடியாது. பல வாரம் ஆகும். நூறு பக்கம் தப்பாகத் திறந்துதான் சரியான பக்கம் கிடைக்கும்.

தப்பாகத் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு என்றால் நம் ஆயாக்கள் மூன்றாவது பக்கத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். வீட்டு லைன் இருக்கிறது, அதனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, சாம்பார் அடுப்பில் கொதிக்க, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இன்னொரு எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். திரையில் ஜில்லா வட ஆற்காடு என்று வருகிறது. பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயர். அந்தப் பெயரை இந்த வீட்டில் நூறு வருஷமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நன்றி, வணக்கம்.